கச்சேரி மேசையும் திருமறை விரிவுரையும்

முகப்பேர் ஏரித் திட்டத்தில் வீட்டுவசதி வாரியம் பிரித்தளித்த மனைகளில் வீடு கட்டிக் குடியேறியவர்களுள் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உழைத்தவர்கள், வங்கிகளில் பணி புரிந்தவர்கள், தலைமைச் செயலகத்துக்கும் தாலுகா அலுவலகங்களுக்கும் ஆயுளின் பாதியை அளித்துவிட்டு ஓய்வூதியத்தோடு வந்து அமர்ந்தவர்கள் எனப் பலரும் இங்கு உளர். நம் சமுதாயத்து இல்லங்களும் இவற்றிடையே ஆங்காங்கே உண்டு. அவ்வில்லங்களின் கண்ணாடி அலமாரியில் மேல்தட்டை நோக்கினால் மூன்று நூல்கள் பெரும்பாலும் கண்ணில் படும். துணியுறையிட்ட அரபு முஸ்ஹபு ஒன்று. தமிழ்த் தர்ஜமா ஒன்று. வளைகுடா நாட்டிலிருந்து மகனோ மருமகனோ பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த தடித்த ஆங்கிலத் தொகுதி ஒன்று. முதலாவது நாள்தோறும் ஓதப்படுகிறது. இரண்டாவது ரமலானில் திறக்கப்படுகிறது. மூன்றாவது அமெரிக்காவிலிருந்து பேரப்பிள்ளைகள் வரும்போது தூசி தட்டப்படுகிறது.

அந்த மூன்றாவது நூலை ஆக்கிய யூசுஃப் அலி யார் என்று நாம் பலரிடம் வினவியதுண்டு. எகிப்து நாட்டு ஆலிம் என்றார் ஓர் அன்பர். தேவ்பந்தில் ஓதியவராக இருக்கக்கூடும் என்றார் மற்றொருவர். இஸ்லாத்தைத் தழுவிய ஆங்கிலேயர் என்றே உறுதியாக நம்பியிருந்த ஒரு பேராசிரியரையும் நாம் கண்டோம். மூவரும் சொன்னது சரியன்று. அப்துல்லாஹ் யூசுஃப் அலி நம் நாட்டவர். எந்த மதரஸாவிலும் பட்டம் பெறாதவர். பிரிட்டிஷ் ஆட்சியின் ஐ.சி.எஸ். அதிகாரி. நிலவரி வசூலித்து, கைதிகளுக்குத் தண்டனை எழுதி, நிதித்துறைக் கோப்புகளில் கையொப்பமிட்டு வாழ்ந்தவர்.

அன்னாரைப் பற்றி எழுதுவோர் இந்த உத்தியோகப் பகுதியை ஒரு பத்தியில் முடித்துவிட்டு மொழிபெயர்ப்புக்குத் தாவிவிடுகின்றனர். அதைச் சொல்வதில் ஏதோ கூச்சம் இருப்பது போலவும் தோன்றுகிறது. நாம் அவ்வாறு கருதவில்லை. அந்த உத்தியோகம் இல்லையேல் அந்த விரிவுரை இல்லை என்பதே நம் துணிபு. அது தந்தது எவ்வளவு, பறித்துக்கொண்டது எவ்வளவு என்று ஒருமுறை கணக்குப் பார்த்தால் என்ன?

1872 ஏப்ரல் 4ஆம் நாள் பிறந்தவர் அவர். சூரத்து நகரின் தாவூதி போஹ்ரா குடும்பம். போஹ்ராக்கள் வாணிபமே வாழ்வாகக் கொண்டவர்கள். நம் கீழக்கரை, காயல்பட்டினம் மரக்கலத்தாரை ஒத்தவர்கள் எனலாம். ஆனால் அவருடைய தந்தையார் தராசைக் கீழே வைத்துவிட்டுக் காவல்துறையில் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தார். ஓய்வு பெற்றபோது கான் பகதூர் பட்டமும் பெற்றார். கடையை விட்டு அரசாங்கத்தை நாடிய அந்த முடிவுதான் மகனின் பாதையையும் வகுத்தது. அதே தந்தையார்தாம் நான்கு, ஐந்து வயதுக்குள் மகனுக்குத் திருமறையின் எழுத்துக்களைக் கூட்டி வாசிக்கக் கற்பித்தவர். பம்பாயில் பள்ளிப்படிப்பு, வில்சன் கல்லூரி, 1891இல் ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பில் பட்டம். தந்தையார் மறைந்ததும் அவ்வாண்டே. பின்னர் உபகாரச் சம்பளத்தோடு கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி, சட்டப் படிப்பு, ஐ.சி.எஸ். தேர்வு. அக்காலத்தில் அத்தேர்வு லண்டனில் மட்டுமே நடந்தது. இந்தியாவிலும் நடத்தலாம் என்ற நிலை 1922இல்தான் வந்தது. கடல் கடக்க வழியில்லாத அறிவாளிகள் எத்தனை பேர் கிராமத்துத் திண்ணையிலேயே மங்கிப் போயினரோ, அல்லாஹ்வே அறிவான்.

1896இல் வடமேற்கு மாகாணத்தின் சஹாரன்பூரில் உதவி மாஜிஸ்திரேட்டாகவும் உதவி கலெக்டராகவும் பணியில் அமர்ந்தார். வயது 23. இந்தப் பதவியின் அன்றாட வேலை எத்தகையது என்பதை இக்காலத்து இளைஞர்கள் அறியார். பங்களாவும் குதிரையும் டவாலி அணிந்த சேவகனுமே அவர்கள் கண்முன் வருகின்றன. உண்மையில் அது காகிதத்தோடு மல்லுக்கு நிற்கும் வேலை. குளிர்காலத்தில் கூடாரமடித்து ஊர் ஊராகச் சென்று, பட்வாரி எழுதிய நிலக்கணக்கை வயலில் நின்று ஒப்பிட வேண்டும். கச்சேரிக்குத் திரும்பினால் அடிதடி வழக்குகளை விசாரித்துத் தீர்ப்பெழுத வேண்டும். இடையில் கருவூல இருப்பைச் சரிபார்க்க வேண்டும். மொழித் தேர்வும் சட்டத் தேர்வும் வேறு எழுதித் தேற வேண்டும்.

நம் பக்கத்தில் கர்ணம் கணக்கைத் தூக்கிக்கொண்டு ஜமாபந்திக்கு வந்து நிற்பார். 1980இல் கர்ணம் பதவி ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஜமாபந்தி மட்டும் இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. அந்தக் காட்சியைக் கண்டவர்களுக்கு யூசுஃப் அலியின் இளமைக்காலம் எளிதில் விளங்கும். அங்கே ஒரு வரிக்கும் ஆதாரம் கேட்பார்கள். இந்தப் பட்டா எந்த உத்தரவின்படி? அந்த உத்தரவு எந்தக் கோப்பில்? அந்தக் கோப்பின் எந்தப் பத்தியில்? குறிப்பு எழுதுபவர் ஒவ்வொரு பத்திக்கும் எண் இட வேண்டும். முந்தைய குறிப்போடு முரண்பட்டால் அதற்குக் காரணம் காட்ட வேண்டும். மேலதிகாரிக்குப் பிடிக்காத கருத்தை மரியாதை குன்றாமல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். 30 ஆண்டுகள் கோப்பெழுதிப் பழகிய கை நம்முடையது. ஆகவே அந்தப் பயிற்சி மனிதனின் மூளையில் எத்தகைய தழும்பை உண்டாக்கும் என்பதை ஓரளவு அறிவோம்.

1900இல் அவர் எழுதிய முதல் நூல் வெளிவந்தது. சமயநூலன்று, கவிதையும் அன்று. வடமேற்கு மாகாணத்திலும் அவத்திலும் நெய்யப்படும் பட்டுத்துணிகள் பற்றி அரசாங்கத்துக்காக எழுதிய ஆய்வு. அந்நாட்களில் மாகாண அரசுகள் ஒவ்வொரு கைத்தொழிலைப் பற்றியும் ஓர் அதிகாரியை அறிக்கை எழுதச் சொல்வது வழக்கம். இவருக்குப் பட்டு வாய்த்தது. காசியிலும் ஆஸம்கட் வட்டாரத்திலும் தறியில் அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் நம் மார்க்கத்தவர் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். கேம்பிரிட்ஜில் படித்த அதிகாரி, எழுத்தறியாத நெசவாளியின் அருகே நின்று, நூல் எங்கிருந்து வருகிறது, சாயம் எப்படி ஏறுகிறது, துணிக்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதவேண்டிய பணி இது. நம் பத்தமடையில் லெப்பைக் குடும்பத்துப் பெண்மக்கள் நெய்யும் கோரைப்பாயைப் பற்றி இவ்வளவு பொறுமையோடு ஓர் அதிகாரி அக்காலத்தில் எழுதிவைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! 1907இல் இந்திய மக்களின் வாழ்வும் உழைப்பும் பற்றி இன்னொரு நூலையும் லண்டனில் வெளியிட்டார். மேலிடத்தில் நற்பெயர் கிட்டியது. 1907இலும் 1911-12இலும் இந்திய அரசின் நிதித்துறையில் தற்காலிகமாக உயர்பதவி வகித்தார். ஓர் இந்தியருக்கு அன்று அது எளிதில் கிட்டும் நாற்காலியன்று.

இனி, எழுதுவதற்கு மனம் தயங்கும் பகுதி. எனினும் இதை விட்டுவிட்டால் அவருடைய விரிவுரையின் பாதி விளங்காது.

1900இல் இங்கிலாந்தின் போர்ன்மத் நகரத்துத் தேவாலயம் ஒன்றில் அவர் ஆங்கிலப் பெண்மணி ஒருவரை மணந்தார். மூன்று ஆண்மக்களும் ஒரு பெண்ணும் பிறந்தனர். மனைவியும் மக்களும் இங்கிலாந்திலேயே தங்கினர். இவர் ஐக்கிய மாகாணத்து வெயிலில். விடுப்புக் கிட்டும்போது கப்பலேறிச் சென்று பார்ப்பதோடு சரி. ஐ.சி.எஸ். குடும்பங்களில் இது வழக்கமே என்பர். ஆனால் வழக்கம் என்பதால் வலிக்காமற் போகுமா? 1912இல் மணமுறிவு ஏற்பட்டது. குழந்தைகள் நால்வரும் தந்தையின் பொறுப்பில் விடப்பட்டனர். அவர் அவர்களை ஓர் ஆங்கிலச் செவிலியிடம் ஒப்படைத்தார். கடைசி வரையில் அந்தப் பிள்ளைகளுக்கும் தந்தைக்கும் இடையே கசப்பு நீங்கவேயில்லை. மாதம் தவறாமல் பணம் அனுப்பியும் மகனின் முகம் மறந்துபோன தந்தையர் நம்மிடையே இல்லையா? துபாயிலும் தம்மாமிலும் 20, 25 ஆண்டுகளைக் கழித்துவிட்டு முகப்பேரில் வந்து வீடு கட்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் யூசுஃப் அலியின் கதையை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

1914இல், உடல்நிலையைக் காரணங்காட்டி, அவர் பதவியைத் துறந்தார். முழு ஓய்வூதியம் பெற ஐ.சி.எஸ். அதிகாரிக்கு 25 ஆண்டுச் சேவை வேண்டும். அவர் அதுவரை காத்திருக்கவில்லை. வயது 42. இங்கிலாந்தில் தங்கி, வோக்கிங் நகரத்து ஷாஜஹான் பள்ளிவாசலின் அறங்காவலருள் ஒருவரானார். அவ்வாண்டே முதல் உலகப்போர் மூண்டது. துருக்கி ஜெர்மனியோடு சேர்ந்தது. கிலாபத்தின் தலைமைபீடமே பிரிட்டனுக்கு எதிரணியில் நின்றபோது இந்திய முஸ்லிம்களின் நெஞ்சம் இரண்டாகப் பிளந்தது. மௌலானா முகமது அலியும் ஷௌகத் அலியும் 1915இல் காவலில் வைக்கப்பட்டனர். யூசுஃப் அலியோ பிரிட்டனின் பக்கம் நின்று பேசினார், எழுதினார், வெளிநாடுகளுக்கும் சென்று பிரசாரம் செய்தார். 1917இல் சி.பி.இ. விருது அவருக்கு வழங்கப்பட்டது.

இதை நாம் மறைக்க விரும்பவில்லை. இதற்காக அவரைத் தூற்றவும் விரும்பவில்லை. இரண்டும் மலிவான வேலைகள். பேரரசு நீதியின் வழியே தன்னைத் திருத்திக்கொள்ளும், விசுவாசமாக இருப்போருக்குச் சமத்துவம் வழங்கும் என்று அவர் உளமார நம்பினார். 1919இல் ஜாலியன்வாலாபாக்கில் பாய்ந்த குண்டுகளுக்குப் பின்னும் ஒருவர் அப்படி நம்பினார் என்பது நமக்கு வியப்பாக இருக்கிறது. தந்தையின் உணவும் தம்முடைய கல்வியும் பதவியும் ஒரே கையிலிருந்து வந்தவருக்கு அந்தக் கையை உதறுவது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஆண்டுகளை விரைந்து கடந்துவிடலாம். லண்டன் கீழைமொழிப் பள்ளியில் இந்துஸ்தானி ஆசிரியர். 1920இல் இரண்டாம் திருமணம், அதுவும் நிலைக்கவில்லை. 1921-22இல் ஹைதராபாத் நிஜாமின் அரசில் வருவாய் அமைச்சர். 1925 முதல் 1927 வரை லாகூர் இஸ்லாமியாக் கல்லூரியின் முதல்வர். 1928இல் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்துக்கு இந்தியப் பிரதிநிதிகளுள் ஒருவர். ஓரிடத்தில் வேர்விடாத வாழ்வு. ஆனால் இத்தனை பயணங்களிலும் ஒரு மூட்டை மட்டும் அவரை விட்டுப் பிரியவில்லை. திருமறை மொழிபெயர்ப்புக்காக அவர் சேர்த்துவந்த குறிப்புகளும் நூல்களுமே அவை.

1934 ஏப்ரல் 4ஆம் நாள், தம் 62ஆம் பிறந்தநாளில், லாகூரிலிருந்து அவர் எழுதிய முகவுரையை ஆங்கிலம் அறிந்த ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். மனிதனுக்குள்ளே எழும் புயல்கள் வெளியே வீசும் புயல்களைவிடக் கொடியவை என்று சொல்லி, அத்தகைய புயலொன்றில் தம் அறிவே நிலைகுலையும் அளவுக்குத் துயருற்றதையும் வாழ்வு பொருளற்றதாகத் தோன்றியதையும் அதில் குறிப்பிடுகிறார். யாரால் வந்த துயர் என்று எழுதவில்லை. பிள்ளைகளைக் குறை கூறவில்லை. நீண்டநாள் நெஞ்சில் வைத்திருந்த இந்தப் பணியை முறையாகத் தொடர்ந்ததில்தான் புது நம்பிக்கை பிறந்தது என்கிறார். நம் கண்ணை நிறுத்துவது அந்த 'முறையாக' என்னும் சொல். துயருற்றவர் சிலர் காட்டுக்குப் போவர். சிலர் கவிதை பாடுவர். இந்த அதிகாரி மேசையில் அமர்ந்து குறிப்புகளுக்கு எண் இடத் தொடங்கினார்.

லாகூர் காஷ்மீரி பஜாரில் ஷேக் முஹம்மது அஷ்ரஃப் என்னும் பதிப்பாளர் அதைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். 1934இல் தொடங்கி 1937இல் நிறைவுற்றது. அந்நூலைத் திறந்து பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். அடிக்குறிப்புகளின் எண் ஒவ்வொரு சூராவுக்கும் புதிதாகத் தொடங்குவதில்லை. அல்ஃபாத்திஹாவில் தொடங்கிய எண் அந்நாஸ் வரை ஒரே தொடராக ஓடி 6,000ஐக் கடந்துவிடுகிறது. ஒரு குறிப்பில் இன்னொரு குறிப்பின் எண்ணைக் காட்டி, அங்கே போய்ப் பார் என்கிறார். இரண்டு ஆயத்துகளில் ஒரே சொல் வந்தால் ஒப்பிட்டுக் காட்டுகிறார். முந்தைய விரிவுரையாளர்கள் கருத்து வேறுபட்டால் இன்னார் இப்படி, இன்னார் அப்படி என்று எடுத்துவைத்து, தம் முடிவையும் காரணத்தையும் கடைசியில் சொல்கிறார். பண்டைய எகிப்தின் காலக்கணக்குக்கும், துல்கர்னைன் யார் என்பதற்கும், தவ்ராத்துக்கும் இன்ஜீலுக்கும் தனித்தனியே பின்னிணைப்புகள். பழுதற்ற கோப்பு என்றால் அதுதான்! மதரஸாவில் ஓதாத ஒருவர் இத்துறையில் துணிந்து இறங்கி நின்றதற்கு இந்த ஒழுங்கே அவருக்குக் கைத்தடி.

இந்த ஒழுங்கினூடே வேறோர் ஓட்டமும் உண்டு. இடையிடையே அவர் எழுதிச் சேர்த்த சந்தம் தோய்ந்த உரைப்பத்திகளில் அதிகாரி மறைந்து மெய்ஞ்ஞான நாட்டமுடையவர் வெளிப்படுகிறார். நூர் ஆயத்துக்கு அவர் எழுதிய பின்னிணைப்பு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'மிஷ்காத்துல் அன்வார்' நூலைத் தழுவிச் செல்கிறது. சுவனத்தின் வருணனைகளையும் வேறு சிலவற்றையும் அவர் உருவகமாகக் காண முற்பட்டது ஆலிம்கள் பலருக்கு உவப்பாக இல்லை. அவர்கள் கேட்ட கேள்விகளில் நியாயமும் உண்டு. எல்லாவற்றையும் உருவகமாக்கினால் எஞ்சுவது என்ன?

எல்லாவற்றிலும் பெரிய வாதத்துக்கு இடமளித்தது வட்டி பற்றிய குறிப்பு. அல்பகரா சூராவில் ரிபா தடுக்கப்படும் இடத்தில், அநியாயக் கொள்ளை இலாபம் அனைத்தும் அத்தடைக்குள் அடங்கும் என்று ஏற்றுக்கொண்டு, நவீன வங்கி முறையில் எழுந்த பொருளாதாரக் கடனை மட்டும் அவர் விலக்கிவைத்தார். இதைப் படித்தவர்கள் ஆங்கிலேயருக்காக எழுதினார் என்று எளிதில் சொல்லிவிடுகிறார்கள். நாம் அக்குறிப்பை ஏற்கவில்லை. ஆயினும் அது எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. அது நிதித்துறையில் அமர்ந்தவரின் குறிப்பு. அரசாங்கக் கடன் பத்திரங்களும் ரயில்பாதைக்கு வாங்கிய கடன்களும் நாள்தோறும் கண்முன் ஓடிய மேசையிலிருந்து வந்தது. அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப்பின் வெளிவந்த திருத்தப் பதிப்புகளில் அந்த விதிவிலக்கு நீக்கப்பட்டுவிட்டது. நீக்கியது சரிதான், ஆனால் நீக்கப்பட்டது என்பதை அறியாமலே பலர் அதை யூசுஃப் அலியின் கருத்தாக மேற்கோள் காட்டுகின்றனர்.

யூசுஃப் சூராவுக்கு அவர் தனிப் பின்னிணைப்பே எழுதியிருப்பது தற்செயலன்று என்று நாம் நினைக்கிறோம். அது நம் அனுமானமே. அந்நிய மன்னனின் அரசில் களஞ்சியங்களின் பொறுப்பைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு கேட்டுப் பெற்றவர் நபி யூசுஃப் (அலை). ஏழாண்டு விளைச்சலைக் கதிரோடு காத்து, ஏழாண்டுப் பஞ்சத்தில் பங்கிட்டவர். வேற்று மார்க்கத்து அரசின் கீழ் ஒரு முஃமின் பதவி ஏற்கலாமா என்று எழும் விவாதங்களில் அந்த ஆயத்து முன்வைக்கப்படுவது நேயர்கள் அறிந்ததே. அதே சூராவில் இன்னொருவரும் இருக்கிறார்: மகனைப் பிரிந்த துயரால் கண்கள் வெளுத்துப்போன தந்தை யஃகூப் (அலை). களஞ்சிய அதிகாரியின் பெயரைத் தாங்கியவர், மக்களைப் பிரிந்த அந்தத் தந்தையின் நிலையில் அமர்ந்து இந்தச் சூராவுக்கு உரை எழுதியிருக்கிறார். அப்பக்கங்களை அந்த நினைவோடு படித்தால் அதன் சுவை வேறு.

முகவுரையில் அவர் வெளியிட்ட மற்றோர் ஆசையும் உண்டு. ஆங்கிலத்தையே ஓர் இஸ்லாமிய மொழியாக்கிவிட வேண்டும் என்பது அது. தமிழ் முஸ்லிம்களாகிய நாம் இதைப் படிக்கும்போது சற்றே நெஞ்சு நிமிர்த்தலாம். 1572இல் 'ஆயிர மசலா' அரங்கேறிய மொழி நம்முடையது. உமறுப்புலவர் 17ஆம் நூற்றாண்டிலேயே நாயகத்தின் வரலாற்றைக் காப்பியமாக்கிவிட்டார். யூசுஃப் அலி லாகூரில் அச்சுப்பிழை திருத்திக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் ஆ. கா. அப்துல் ஹமீது பாகவி அவர்கள் தமிழில் முழு மொழிபெயர்ப்புக்காக உழைத்துக்கொண்டிருந்தார்கள். பாகவி அவர்களுக்குப் பின்னால் வேலூர் பாக்கியாத்தின் கல்வி இருந்தது. யூசுஃப் அலியின் பின்னால் இருந்தது கேம்பிரிட்ஜும் கச்சேரியும்.

1938இல் கனடாவின் எட்மன்டன் நகரில் அந்நாட்டின் முதல் பள்ளிவாசலான அல்ரஷீத் திறக்கப்பட்டபோது, விழாவுக்கு அன்னார் வந்திருந்தார். புகழின் உச்சி அதுவென்று சொல்லலாம். அதன்பின் லண்டனில் முதுமை. 1947இல் அவர் பணியாற்றிய பேரரசே இந்தியாவை விட்டு வெளியேறியது. சஹாரன்பூர் ஒரு நாட்டிலும் லாகூர் மற்றொரு நாட்டிலுமாயின.

1953 டிசம்பர் 9ஆம் நாள், கடுங்குளிரில், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் வெளியே நினைவு தடுமாறிக் கிடந்த முதியவர் ஒருவரைக் காவலர் கண்டெடுத்தனர். மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். அங்கிருந்து செல்ஸியிலுள்ள முதியோர் இல்லத்தில் சேர்க்கப்பட்டார். மறுநாள் மாரடைப்பு. வேறொரு மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றும் பயனின்றி உயிர் பிரிந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வயது 81. உலகெங்கும் ஆங்கிலம் அறிந்த முஸ்லிம்களின் இல்லங்களில் அவருடைய நூல் இருந்தது. அவர் அருகிலோ ஒரு சொந்தமும் இல்லை.

கதியற்ற ஏழையாக இறந்தார் என்று சிலர் உருக்கமாக எழுதுகின்றனர். அது மிகை. உயில் எழுதிவைக்கும் அளவுக்கு அவரிடம் உடைமை இருந்தது. முதல் மனைவியின் மக்கள் தம்மிடம் காட்டிய பகைமையைக் குறிப்பிட்டு அவர்களுக்குப் பங்கில்லை என்று அந்த உயிலில் எழுதியிருந்தார். முகவுரையில் ஒரு சொல்லும் சொல்லாதவர், சட்டம் கேட்ட இடத்தில் சொல்லிவிட்டார். பணம் இருந்தும் தனிமையில் இறந்தார் என்பதே உண்மை. அதுதான் நம்மை அதிகம் உறுத்துகிறது.

வோக்கிங்கை அடுத்த புரூக்வுட் அடக்கத்தலத்தில், முஸ்லிம்களுக்கான பகுதியில், அன்னார் நல்லடக்கம் செய்யப்பட்டார். திருமறையை ஆங்கிலத்தில் பெயர்த்த முஹம்மது மர்மடியூக் பிக்தாலும் 1936 முதல் அங்கேயே துயில்கிறார். பிக்தால் சென்னைக்கு அந்நியரல்லர்; சேட் ஜமால் முகமது அவர்களின் ஆதரவில் நடந்த இஸ்லாமியச் சொற்பொழிவு வரிசையில் 1927இல் இங்கு வந்து உரையாற்றியவர். இளமையில் பிரிட்டிஷ் தூதரகப் பணிக்கான தேர்வில் தோற்றவர் அவர். யூசுஃப் அலியோ அதனினும் கடினமான தேர்வில் வென்றவர்.

முகப்பேருக்கு அடுத்த அண்ணாநகரில் ஐ.ஏ.எஸ். பயிற்சி நிலையங்கள் பெருகியுள்ளன. நம் பிள்ளைகளும், குறிப்பாகப் பெண்மக்களும், புத்தகப் பையோடு அங்கு செல்வதைக் காண உள்ளம் குளிர்கிறது. அவர்களுள் எவரேனும் இந்தத் தொகுதியை வாங்க விரும்பினால் ஒரு செய்தி. மதீனாவிலும் அமெரிக்காவிலும் திருத்தி வெளியிடப்பட்ட பதிப்புகள் அழகான அச்சும் நல்ல காகிதமும் உடையவை. ஆனால் அவற்றில் குறிப்புகள் மாற்றப்பட்டிருக்கும். 1934இன் முகவுரை சில பதிப்புகளில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. பழைய லாகூர்ப் பதிப்பின் மறு அச்சு கிடைத்தால் அதையே வாங்குவது நலம். கடையிலேயே முதற்பக்கங்களைப் புரட்டி, முகவுரையின் கீழ் லாகூர் என்ற ஊர்ப்பெயரும் ஏப்ரல் 4 என்ற தேதியும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.